அண்ணன் எத்தனை பேர்?

சென்ற மாதம் சங்க நூலகத்தில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அமெரிக்காவிலே வக்கீலா இருந்தியாமேம்மா? டாலர் டாலரா சேர்த்திருப்பியே!" என்றார். நான் வேலை பார்த்தது கட்சிக்காரர்களிடம் காசு வாங்காத வக்கீல் ஆபீஸ் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "காசு வாங்காத வக்கீலா? அது எந்த லோகத்திலே?" என்றார். பக்கத்தில் நின்ற பத்திரிகைக் குழு நண்பர் சிரித்துவிட்டு, "இதையே நம் பத்திரிகைக்கு எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டார். அப்படிப் பிறந்தது இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி நாலு வரி. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தேன். கல்யாணமாகி அமெரிக்கா போனேன். அங்கே மேற்படிப்பு முடித்து, நியூயார்க் மாநிலத்தில் வக்கீலாகப் பதிவு பெற்றேன். பிறகு நியூஜெர்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் சட்ட உதவி மையத்தில் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தேன். குடியேற்றச் சட்டம் அங்கே மத்திய அரசின் சட்டம். ஆகவே ஒரு மாநிலத்தில் பதிவு பெற்றவர் நாட்டின் எந்த இமிக்ரேஷன் கோர்ட்டிலும் வாதாடலாம். கடைசிப் பல ஆண்டுகள் என் பதவியின் பெயர் 'மேற்பார்வை வக்கீல்'. சென்ற ஆண்டுதான் தில்லி திரும்பினேன்.

வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, காசு கிடையாது

அமெரிக்க சினிமா பார்த்தவர்களுக்கு ஒரு வசனம் மனப்பாடமாக இருக்கும். போலீஸ் கைது செய்யும்போது, "உனக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசே ஒருவரை நியமிக்கும்" என்பார்கள். அது குற்ற வழக்குகளுக்கு. கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை, சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவின் மேல் 1963-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் வந்த உரிமை.

ஆனால் ஒருவரை நாடு கடத்துவது அங்கே குற்ற வழக்கு அல்ல, சிவில் விவகாரம். 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசாங்கச் செலவில் அல்ல என்று சொல்கிறது. எனவே எதிர்த் தரப்பில் அரசாங்கத்தின் வக்கீல் கோப்புக் கட்டுடன் நிற்பார். இந்தப் பக்கம் ஆங்கிலம் தெரியாத ஒருவர் தனியாக நிற்பார். அது பத்து வயதுக் குழந்தையாக இருந்தாலும் சட்டம் அதுதான். நீதிபதியும் நாம் நினைக்கும் நீதித்துறையைச் சேர்ந்தவர் அல்லர், அட்டர்னி ஜெனரலின் கீழ் பணிபுரிபவர்.

நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நடைமுறையில் எப்படி என்பது வேறு பேச்சு. சட்டத்திலாவது இருக்கிறதே என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். அமெரிக்காவிலோ, மத்திய அரசின் சட்ட உதவிப் பணம் பெறும் அமைப்புகள், சில விதிவிலக்குகள் தவிர, உரிய அனுமதியின்றி இருப்பவர்களுக்காக வாதாடக் கூடாது. ஆகவே எங்களைப் போன்ற மையங்கள் நன்கொடையிலும் அறக்கட்டளை மானியத்திலும் ஓடுகின்றன. வக்கீல்கள் நாலைந்து பேர், சட்டக் கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியைகள், வாரம் ஒரு மாலை வந்து போகும் பெரிய கம்பெனி வக்கீல்கள். வக்கீல் அல்லாத ஊழியர்களும் நீதித்துறை அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்றால் வழக்கு நடத்தலாம் என்று அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது.

மேற்பார்வை என்றால் என்ன?

இத்தனை பேர் எழுதுவதையும் படித்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. கேட்க எளிதாக இருக்கும். மாணவன் ஒருவன் ஐந்து மணி நேரம் ஒருவரிடம் கேட்டு, பதினைந்து பக்க வாக்குமூலம் தயாரிப்பான். நான் அதைப் படித்து, "இங்கே மாதம் தப்பு", "இதை அவர் சொன்னாரா, நீ சொல்கிறாயா?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தருவேன். பள்ளிக்கூட வாத்தியார் உத்தியோகம் மாதிரிதான். ஆனால் நான் கவனிக்காமல் விட்ட பிழைக்கு மதிப்பெண் குறையாது. மனிதர் விமானம் ஏற்றப்படுவார்.

இன்னொரு வேலையும் உண்டு, யாரை ஏற்பது, யாரை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்வது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அதற்குக் கூட்டம். பத்துப் பேர் வந்திருந்தால் இரண்டு மூன்று பேரைத்தான் எடுக்க முடியும். நாடு முழுவதும் நிலுவையிலிருந்த வழக்குகள் 2010-ல் சுமார் 2,60,000. 2023 முடிவதற்குள் அது 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்த வெள்ளத்தில் எங்கள் மையம் ஒரு சிறு ஓடம். கேஸ் பலவீனமானது என்பதற்காக யாரையும் நான் மறுத்ததில்லை. கை காலியில்லை என்பதற்காக மறுத்தவர்கள் பலர். அவர்களில் ஒரு தாயாரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. "சரி, பரவாயில்லை" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்.

நாங்கள் அனுப்பிவிட்டவர்களில் சிலர் போய் விழுந்த இடம் இன்னும் மோசம். தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க நாடுகள் பலவற்றில் 'நொத்தாரியோ' என்றால் சட்டம் படித்துத் தேறிய பெரிய அதிகாரி. அமெரிக்காவில் 'நோட்டரி' என்றால் கையெழுத்துக்குச் சாட்சி சொல்பவர், அவ்வளவுதான். இந்த ஒரு சொல்லை வாசல் பலகையில் ஸ்பானிஷ் மொழியில் எழுதி வைத்து, ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு, பொய் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. ஏமாந்தவர் எங்களிடம் வரும்போது, வந்து சேர்ந்த ஓராண்டுக்குள் தஞ்ச விண்ணப்பம் போடவேண்டும் என்ற கெடு முடிந்திருக்கும்.

ஒரு சொல் செய்யும் வேலை

இந்தத் தொழிலில் சொல்தான் எல்லாம். உயிருக்குப் பயந்து ஓடி வருபவர் கையில் அத்தாட்சிக் கட்டு இருக்காது. அவர் சொல்வதை நீதிபதி நம்ப வேண்டும். 2005-ல் வந்த ஒரு சட்டம், எந்த முரண்பாட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு 'இவர் நம்பத்தக்கவர் அல்லர்' என்று நீதிபதி முடிவு செய்யலாம் என்கிறது. வழக்கின் மூல விஷயத்தில்தான் முரண் இருக்கவேண்டும் என்பதில்லை.

தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் 5-11 என்று எழுதினால் நவம்பர் ஐந்து. அமெரிக்கருக்கு அது மே பதினொன்று. பெயர் இன்னொரு தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயருக்கான இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம். அதையே பெயராக நினைத்து "மிஸ்டர் ஃப்னு!" என்று கூப்பிட்டு, நம்மவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த வேடிக்கையையும் பார்த்திருக்கிறேன்.

இலங்கைத் தமிழர் வழக்குகளில் இது வேடிக்கையாக முடிவதில்லை. அவர்கள் பேசும் தமிழ் எனக்கே முதலில் பாதிதான் புரிந்தது. 'ஒழுங்கை' என்றால் சந்து, 'வளவு' என்றால் வீட்டைச் சுற்றிய மனை, 'கதைத்தார்கள்' என்றால் பேசினார்கள். இது தெரியாத மொழிபெயர்ப்பாளர் 'கதை சொன்னார்கள்' என்று ஆங்கிலப்படுத்தினால் என்ன ஆகும்? விடுதலைப் புலிகள் அமைப்பை அமெரிக்கா 1997-ல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்தது. வற்புறுத்தலுக்குப் பயந்து பணமோ அரிசியோ கொடுத்தவருக்குக்கூட, ஆதரவு அளித்தவர் என்று தஞ்சம் மறுக்கப்பட்டது. கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர்களுக்கு விலக்கு அளிக்க 2007-ல்தான் வழி பிறந்தது. அதற்குப் பிறகு 'கொடுத்தேன்' என்பதற்கும் 'கொடுக்க வேண்டி வந்தது' என்பதற்கும் இடையே ஒரு ஆயுள் இருந்தது.

நான் செய்த பிழை

இப்போது சொல்லப்போவது, பல ஆண்டுகள் யாரிடமும் விரிவாகச் சொல்லாத ஒன்று. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இலங்கையில் போர் முடிந்த அடுத்த ஆண்டு, 2010-ல், யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் விமான நிலையத்தில் இறங்கித் தஞ்சம் கேட்டார். அப்படிக் கேட்பவர்களைக் காவல் மையத்தில் வைப்பார்கள். நியூஜெர்சியின் எலிசபெத் நகரில், பழைய கிடங்கு ஒன்றைக் காவல் மையமாக மாற்றியிருந்தார்கள். அங்கே ஓர் அதிகாரி தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வழியாக அவரைக் கேள்வி கேட்டு, அவருடைய அச்சம் நம்பத்தகுந்ததே என்று பதிவு செய்தார். வழக்கு நீதிபதியிடம் போயிற்று. எங்கள் மையம் அதை எடுத்துக்கொண்டது.

அவர் கதையின் மையம் இது. 2008-ல் ஓர் இரவு சிலர் வந்து அவருடைய அண்ணனை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் திரும்பவில்லை. தேடிப் போனதால் இவரையும் தேட ஆரம்பித்தார்கள்.

எங்கள் மாணவி கெட்டிக்காரி. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தஞ்ச விண்ணப்பத்தை நிரப்பினாள். அதில் பெற்றோர், உடன்பிறந்தோர் விவரம் கேட்பார்கள். 'உடன்பிறந்தவர்: ஒருவர், ஆண், லண்டனில் வசிக்கிறார்' என்று எழுதினாள். அன்று மூன்று வழக்குகளுக்குக் கெடு. நான் விண்ணப்பத்தைப் படித்தேன், வாக்குமூலத்தைப் படித்தேன், கையெழுத்துப் போட்டேன். அரசின் நேர்காணல் பதிவைப் பக்கத்தில் வைத்துப் படிக்கவில்லை.

விசாரணைக்குப் பத்து நாள் முன்பு கோப்பை மறுபடி எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. அரசின் பதிவில் 'என் சகோதரரைக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை' என்று இருக்கிறது. எங்கள் விண்ணப்பத்தில் ஒரே சகோதரர், அவர் லண்டனில் சௌக்கியமாக இருக்கிறார். அரசு வக்கீலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எனக்குக் கை கால் ஓடவில்லை. மறுநாள் காலை காவல் மையத்துக்கு ஓடினேன். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தமிழிலேயே கேட்டேன். "தம்பி, உங்களுக்கு அண்ணன் எத்தனை பேர்?"

"ரெண்டு பேர் அக்கா. ஒருத்தர் லண்டனில. மற்றவரைத்தான் கொண்டு போனவங்கள்."

"கொண்டுபோனவர் உங்கள் அம்மா வயிற்றில் பிறந்தவரா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பெரியப்பான்ர மகன். ஆனா அவர் எனக்கு அண்ணாதானே அக்கா? ஒரே வளவுக்குள்ளதான் வளர்ந்தனாங்கள்."

இதை முதல் நாளே கேட்டிருக்கவேண்டியவள் நான். அந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெரியப்பா மகனும் அண்ணன்தான் என்பது ஆங்கிலேய மாணவிக்குத் தெரியாமல் போகலாம். எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? நானே அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தபோது 'உடன்பிறந்தோர்: இல்லை' என்று எழுதிவிட்டு, பாலம் விமான நிலையத்துக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பெரியம்மா மகனை "அண்ணா, போய்ட்டு வரேன்" என்று கும்பிட்டுவிட்டு விமானம் ஏறினவள்தானே!

"தப்பு என்னுடையது தம்பி. நான் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்றேன். வக்கீல் தன் பிழையைக் கட்சிக்காரரிடம் சொல்லியாக வேண்டும் என்பது தொழில் ஒழுக்கம். அதற்காகச் சொன்னேனா, மனம் தாங்காமல் சொன்னேனா, இன்றைக்கும் தெரியவில்லை. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்ப கண்டுபிடிச்சிட்டீங்கள்தானே அக்கா" என்றார்.

அடுத்த ஒரு வாரம் நானும் மாணவியும் சரியாகத் தூங்கவில்லை. முரண்பாடு எப்படி வந்தது, யாரால் வந்தது என்பதை ஒளிக்காமல் எழுதித் திருத்த மனு கொடுத்தோம். பெரியப்பா குடும்பத்திடமிருந்து பிறப்புச் சான்றிதழ் வரவழைத்தோம். பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கும் ஒருவர், எங்கள் உறவுப் பெயர்களை விளக்கி இரண்டு பக்கத்தில் பிரமாண வாக்குமூலம் தந்தார். அப்பாவின் அண்ணன் பெரியப்பா, அதாவது 'பெரிய அப்பா'. அப்பா என்று அழைக்கப்படுபவரின் மகன் அண்ணனாகத்தானே இருக்க முடியும்? ஆனால் அத்தை மகன் அண்ணன் ஆகமாட்டார், அவர் முறைக்காரர். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல், 'கஸின்'. நமக்குக் குழந்தையிலேயே தெரிந்த விஷயம். அதை ஓர் அயல்நாட்டுக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்க வேண்டியிருந்தது.

விசாரணை நாளில் அரசு வக்கீலின் முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததேதான். "உமக்குச் சகோதரர்கள் எத்தனை பேர்?" கோர்ட் மொழிபெயர்ப்பாளர் அம்மாள், "உங்களுக்கு அண்ணன் தம்பி எத்தனை பேர்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கக் கூடாது. மேசைக்கு அடியில் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா வயித்தில பிறந்தது ஒருத்தர். பெரியப்பான்ர மகன் ஒருத்தர். ரெண்டு பேரும் எனக்கு அண்ணாதான்" என்றார் அவர்.

ஆங்கிலத்துக்கு வசதியாக இருக்கும் என்று 'கஸின்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காணாமல் போனவரை அந்த இடத்தில் வைத்து வேறு பெயரால் அழைக்க அவருக்கு மனம் வரவில்லை என்று பின்னால் புரிந்துகொண்டேன். மொழிபெயர்ப்பாளர் அம்மாள் ஒரு கணம் நிறுத்தி, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி அந்த இரண்டு பக்க வாக்குமூலத்தைப் புரட்டிப் பார்த்தார். தஞ்சம் கிடைத்தது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை.

அதன் பிறகு எங்கள் மையத்தில் இரண்டு பழக்கங்கள் வந்தன. விண்ணப்பத்தைத் தொடுமுன் ஒரு வெள்ளைத்தாளில் குடும்ப மரம் வரைய வேண்டும், ஒவ்வொருவரும் யார் வயிற்றில் பிறந்தவர் என்று கேட்டு. இரண்டாவது, அரசின் பதிவையும் எங்கள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுதாத இன்னொருவர் படிக்க வேண்டும். கெடு அன்றைக்கே ஆனாலும் இதற்கு விலக்கு இல்லை.

"கொஞ்சம் கோபக்காரர்"

நம் வீடுகளுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லவேண்டும். எங்களைத் தேடி வந்தவர்களில் படித்த தமிழ்ப் பெண்களும் உண்டு. கணவர் கம்ப்யூட்டர் துறையில் எச்-1பி விசாவில் இருப்பார், இவர் சார்பு விசாவில், எச்-4. கணவர் வேலையை விட்டாலோ விவாகரத்துச் செய்தாலோ இவருடைய அனுமதியும் போய்விடும். பாஸ்போர்ட் கணவரின் அலமாரியில் இருக்கும்.

"வீட்டில் கஷ்டமா?" என்று மாணவர்கள் கேட்டால் பதில், "அவர் கொஞ்சம் கோபக்காரர், அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்." மாணவர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "கோபம் வந்தா என்னம்மா பண்ணுவார்?" என்று தமிழில் கேட்பேன். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குப் பேச ஒரு மணி நேரம் பிடிக்கும். சில சமயம் பேச்சே வராது.

கணவர் அமெரிக்கப் பிரஜையாகவோ கிரீன் கார்டு உடையவராகவோ இருந்தால், அடிபடும் மனைவி அவருக்குத் தெரியாமலே தனக்காக மனுச் செய்யலாம் என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. எச்-1பி கணவருக்கு இது பொருந்தாது. 2000-ல் வந்த சட்டம், குற்றத்துக்கு இலக்காகிப் போலீசுக்கு உதவுபவர்களுக்கு 'யு' விசா என்று ஒன்றை ஏற்படுத்தியது. ஆண்டுக்கு 10,000 தான், அதனால் வரிசை நீளம். இப்படிப்பட்ட எச்-4 மனைவியருக்கு வேலை அனுமதி தரும் ஒரு விதி 2006-ல் சட்டமானது. நியூஜெர்சியில் 1985-ல் தொடங்கிய 'மானவி' போன்ற தெற்காசியப் பெண்கள் அமைப்புகளும் உண்டு. வழிகள் இருக்கின்றன. அவை இருப்பது தெரியாமல்தான் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்கிறார்கள்.

ஆகவே, மகளையோ மகனையோ அனுப்பும் பெற்றோருக்கு என் வேண்டுகோள். பாஸ்போர்ட், விசா, கல்யாணப் பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். பெயரும் தேதியும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். தொலைபேசியில் மகள் "கொஞ்சம் கோபக்காரர்" என்று சொன்னால், "எல்லாம் சரியாயிடும்" என்று வைத்துவிடாமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

என் பழைய சகாக்கள் அவ்வப்போது பேசுகிறார்கள். அதுவரை கட்டணமே இல்லாமலிருந்த தஞ்ச விண்ணப்பத்துக்கு, 2025 ஜூலையில் வந்த சட்டம் குறைந்தது 100 டாலர் கட்டணம் விதித்தது. கையில் காசே இல்லாமல் வருபவர்களுக்கு அதற்கும் நன்கொடை திரட்டவேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமைக் கூட்டம் மட்டும் நிற்கவில்லையாம். குடும்ப மரம் வரையும் வெள்ளைத்தாளும் அப்படியே இருக்கிறதாம்.

யாழ்ப்பாணத்துத் தம்பி ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புகிறார். இப்போது அவருக்கு ஒரு பையன். பெயர் என்ன என்று கேட்டேன். "அண்ணான்ர பேர்தான் அக்கா" என்றார். எந்த அண்ணா என்று நான் கேட்கவில்லை.